முப்பது நாள் சாதகம்

விருத்தாசலத்தில் சாதகம் பார்க்காமல் திருமணம் முடித்தவர்கள் பலர் உண்டு. சாதகத்துக்குப் பதிலாக வேறொன்றைப் பார்த்துத் திருமணம் முடித்தவர்கள், சுப்புராயனின் பகுத்தறிவுப் படிப்பகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே.

அந்த வழக்கம் மேடையில் பிறந்தது. பாலக்கரையில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் சுப்புராயன் முழங்கிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்த நொடியில் எந்தக் கோள் எந்த வீட்டில் இருந்தது என்று கேட்கிறீர்களே, அந்தப் பிள்ளை நேற்று மாலை எந்த வீட்டில் இருந்தான் என்று கேட்டீர்களா என்றார். கூட்டம் சிரித்தது. மறுநாள் காலையில் ராஜாங்கம் என்ற தோழர் வீடு தேடி வந்துவிட்டார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொன்னார். நேற்று மாலை எங்கே இருந்தாய் என்பதை அவனிடம் எப்படிக் கேட்பது என்று வினவினார். சுப்புராயன் அன்றே விதியை வகுத்தார். மணமக்களாக விரும்பும் இருவரும் ஒரு மாத காலம், அன்றன்று பொழுதைக் கழித்த விதத்தைத் தம் கைப்பட எழுத வேண்டும். எழுந்தது முதல் உறங்கியது வரை எதையும் ஒளிக்கக் கூடாது. மாதம் முடிந்ததும் படிப்பகத்தில் கூடி, நோட்டுகளை மாற்றிக்கொண்டு அங்கேயே அமர்ந்து படிக்க வேண்டும். கூடியிருக்கும் தோழர்களும் வாங்கிப் படிக்கலாம். படித்த பின்னும் பிடித்திருந்தால் திருமணம்.

இவ்வாறு மூன்று திருமணங்கள் நடந்தன. மூன்று இணையரும் நன்றாக வாழ்ந்தனர். இதைச் சுப்புராயன் தம் முறைக்குக் கிடைத்த வெற்றி என்பார். நோட்டு இல்லாமலிருந்தாலும் அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்திருப்பார்கள் என்பார் அவருடைய துணைவியார் நீலாவதி. 

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில் சுப்புராயனின் வீட்டுக்கே அந்த விதி வந்து சேர்ந்தது.

அவருடைய ஒரே மகள் கனிமொழி, செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவள். சுவருக்கு அந்தப்புறமிருந்த பட்டறையில் மின்சாரத்துக்கான பியூஸ் கட்டைகள் செய்தார்கள். அங்கே சூளை பார்த்தவன் கோகுலகிருஷ்ணன், கருவேப்பிலங்குறிச்சிக்காரன். ஒருமுறை பொம்மைப் பட்டறையின் சூளை பழுதாகிவிட, பொம்மைகள் அவனுடைய சூளைக்குச் சென்றன. சூடு சற்றுக் கூடிவிட்டது. மறுநாள் அவன் தட்டோடு வந்து நின்றான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லா பொம்மையும் அழுதுட்டு வந்திருக்குது" என்றான்.

கண்ணுக்கு இட்ட மை உருகிக் கன்னத்தில் வழிந்திருந்தது. ஒரு நாள் உழைப்பு பாழான கோபத்தில் எழுந்த கனிமொழி, தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். அன்று தொடங்கிய பேச்சு, அவன் நேராக வந்து அவள் தந்தையிடம் பெண் கேட்கும் வரையில் வளர்ந்தது.

சுப்புராயன் மகிழ்ந்தார். தரகர் இல்லை, சீர் பற்றிய பேச்சு இல்லை, சாதியும் வேறு. மேடையில் அவர் எதையெல்லாம் கேட்டாரோ அதெல்லாம் தாமாகவே நடந்து வந்து அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தன. பெயரை மட்டும் தமிழில் மாற்றிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை சொன்னார். ரேஷன் கார்டில் மாற்றி வாங்குவதற்குள் தனக்குத் தலை நரைத்துவிடும் என்று அவன் பணிவாகச் சொன்னான். நீலாவதி உள்ளேயிருந்து சிரித்தார். மாதக் கணக்கு எழுதத் தொடங்குங்கள் என்று சொல்லி, இருவருக்கும் ஆளுக்கொரு நோட்டைச் சுப்புராயன் எடுத்துக் கொடுத்தார்.

கனிமொழி அன்றே எழுதினாள். எழுதுவது அவளுக்குப் பிடித்திருந்தது. பகலெல்லாம் ஒரே கண்ணை, ஒரே உதட்டை, ஒரே பொட்டை ஆயிரம் முறை தீட்டுகிறவளுக்கு, முன்பு இல்லாத ஒரு நாளைப் புதிதாகத் தீட்டுவது இன்பமாக இருந்தது.

"காலையில் தண்ணீர் பிடித்தேன். அம்மா தோசை ஊற்ற, நான் சட்னி அரைத்தேன். பக்கத்து வீட்டுக் கோழியை அம்மா பேர் சொல்லித் திட்டினார். சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினேன்."

"மாலையில் அம்மாவும் நானும் கொத்தவரங்காய் கிள்ளினோம். பிறகு டிவியில் தொடர் பார்த்தோம். அம்மா அழுதார். நான் அழவில்லை. அதற்காக என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்."

முதல் வாரம் இவ்வாறே சென்றது. ஞாயிற்றுக்கிழமை சுப்புராயன் அந்த நோட்டை வாங்கிப் படித்தார். நகரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது அவருடைய தொழில். கையில் பேனா இல்லாமல் எதையும் படிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கங்களில் திருத்துவதற்கு ஒரு பிழையும் கிடைக்கவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது. அடுப்படியிலிருந்து பெண்ணை மீட்போம் என்று ஊர் ஊராகப் பேசியவரின் வீட்டில், மகள் காலையும் அடுப்படியில் இருந்தாள், மாலையும் அடுப்படியில் இருந்தாள். செய்தித்தாளைத் தொடவில்லை. அவர் சேர்த்து வைத்திருந்த நூல்களில் ஒன்றையும் திறக்கவில்லை. இந்த நோட்டை மாதக் கடைசியில் படிப்பகமே படிக்கும்.

பொய் எழுதச் சொல்லும் எண்ணம் அவருக்குக் கனவிலும் வராது. அந்த நேர்மைதான் அவரை அடுத்த தவறுக்கு இழுத்துச் சென்றது.

"எழுதினதை மாத்த வேணாம்மா. நாளைக் கழிக்கிற விதத்த மாத்திக்குவோம்" என்றார்.

அன்று மாலையே ஒரு நேரப் பட்டியல் சுவரில் ஏறியது. காலையில் நாளேடு. வேலை முடிந்து வந்ததும் நூல். படித்ததைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. அடுப்படி என்ற சொல் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. மகளை விடுவித்துவிட்ட நிறைவோடு அவர் உறங்கச் சென்றார். மகள் செய்துவந்த வேலை யார் தோளில் போய் உட்காரும் என்ற கேள்வி மட்டும் அவருக்கு எழவில்லை.

நீலாவதி பட்டியலை நின்று படித்தார். "என்னை யாரும் பொண்ணு பாக்க வரப் போறதில்ல. நான் அங்கியே கெடந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனார்.

முதல் இரண்டு நாட்கள் கனிமொழிக்கு அது பிடிக்கவே செய்தது. அதை மறைப்பானேன்? வேலை செய்து களைத்து வந்த பெண்ணுக்கு நாற்காலியும் நூலும் கிடைப்பது நல்லதே. அந்த உரிமைக்காக எத்தனையோ பேர் தொண்டை கிழியப் பேசியிருக்கிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் சுமையை இறக்கி இன்னொரு பெண்ணின் தலையில் வைப்பதற்கு விடுதலை என்று பெயரிட யாருக்கும் உரிமை இல்லை. நாற்காலியில் அமர்ந்து நூலை விரித்த கனிமொழியின் காதில், உள்ளே தாய் ஒருவராகவே தேங்காய் துருவும் ஓசை கேட்டது. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது அவர் விடும் மூச்சுக் கேட்டது. பக்கம் புரளவில்லை. எழுந்து உள்ளே போனால் நீலாவதி விரட்டினார்.

"போய்ப் படி. உங்கப்பா கெடிகாரத்தப் பாத்துக்குனு ஒக்காந்திருக்காரு."

அவள் மீண்டும் வந்து அமர்ந்தாள். "மாலையில் பெண் விடுதலை குறித்த நூலைப் படித்தேன்" என்று எழுதினாள். அது உண்மை. நூல் அவள் மடியில் இருந்தது. அவள் விழிகள் வரிகளின் மேல் சென்றன. ஆனால் அந்த வரியை எழுதிய கை தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நாட்கள் செல்லச் செல்ல ஓர் அச்சம் அவளைப் பற்றிக்கொண்டது. கோகுலகிருஷ்ணன் இந்த நோட்டைப் படிப்பான். காலையில் நாளேடும் மாலையில் நூலுமாக இருக்கும் ஒருத்தியை விரும்புவான். அல்லது, அவளோடு நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுவான். ஒதுங்கினால் இழப்பு. விரும்பினாலோ பெரிய இழப்பு. கருவேப்பிலங்குறிச்சியில் அவன் வீட்டுக்குள் நுழையும் தன்னைப் பார்த்து, அந்த நோட்டுக்காரி எங்கே என்று அவன் ஆயுள் முழுவதும் தேடுவான்.

தந்தையிடம் சொல்லிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று அவர் அன்போடு சொன்னார். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. சுப்புராயன் ஒரு நாளும் மகளை அதட்டியவர் அல்லர். அவரை மறுத்தால் அவர் சினக்க மாட்டார், முகம் வாடிவிடும். சினத்தை எதிர்க்கலாம், அந்த வாட்டத்தை எவ்வாறு எதிர்ப்பது? அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சைக்கிள் கடைக்கு மேலிருந்த படிப்பகத்தில் பெஞ்சுகள் இழுத்துப் போடப்பட்டன. ராஜாங்கம் டீ வாங்கி வந்தார். கோகுலகிருஷ்ணன் தன் தாய் பெரியம்மாளைக் கைப்பிடித்துப் படியேற்றி அழைத்து வந்தான். பெரியம்மாளுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதிலும் நிழலாட்டம்தான். கனிமொழி அரை நாள் வேலை முடித்துப் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். நோட்டுகள் கைமாறின.

கோகுலகிருஷ்ணன் சூளைக் குறிப்பு எழுதிப் பழகியவன். சூளையில் உள்ள சூட்டைத்தான் எழுத வேண்டும். இருக்க வேண்டிய சூட்டை எழுதினால் சரக்கு வெடித்துவிடும். தன் நாட்களையும் அவன் அப்படியே எழுதியிருந்தான்.

"படிப்பகத்தில் கொடுத்த புத்தகத்தை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்."

"சூளை ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன். கனிமொழியை நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை."

கனிமொழி அந்தப் பக்கத்தை விட்டு அகல மனமில்லாமல் அகன்றாள். அடுத்த பக்கத்தில் இருந்தது:

"விடியலில் அம்மாவை அம்மன் கோயிலுக்குக் கூட்டிச் சென்றேன். தனியாகப் போனால் விழுந்துவிடுவார். கற்பூரம் காட்டினார்கள். நானும் கையெடுத்தேன். சாமிக்காகவா அம்மாவுக்காகவா என்று தெரியவில்லை."

அதற்கடுத்த பக்கத்திலும் கோயில் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் இருந்தது. எந்த மனிதர் படிக்கப் போகிறார் என்று தெரிந்திருந்தும் அவன் அதை எழுதியிருக்கிறான். கனிமொழி நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு, வேறு வழியின்றி, கையை நீட்டிய தந்தையிடம் கொடுத்தாள்.

சுப்புராயன் படித்தார். படிக்கப் படிக்க அவர் முதுகு நிமிர்ந்தது. முப்பது விடியலிலும் கோயில். கொள்கைக் குடும்பத்துக்குள் வரப்போகிறவன் நாள்தோறும் கருவறை முன்னால் கைகூப்புகிறான். அவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தாலும் நின்றுதான் பேசுவார். தம்பியின் உழைப்பையும் குணத்தையும் தாம் மதிப்பதாகச் சொன்னார். ஆனால் வாழ்க்கைக்கு அடிப்படை கொள்கை என்றும், அந்த அடிப்படையில் இந்த இரண்டு நோட்டுகளும் பொருந்தவில்லை என்றும் சொன்னார்.



ராஜாங்கம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தோழரே, பத்துக்கு எத்தன பொருத்தம் இருக்குதுன்னு சொல்லிட்டீங்கன்னா, கூட்டத்து மினிட் நோட்டுல எழுதிக்குவேன்" என்றார்.

சுப்புராயன் அவரை முறைத்தார். ராஜாங்கம் கண்ணை விலக்கவில்லை. சாதகத்தைக் கிழித்தெறிந்தவர்கள் அதே தாளில் இன்னொரு கட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறோமோ என்ற ஐயம் அறையில் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குச் சென்றது.

இவ்வளவுக்கும் கோகுலகிருஷ்ணன் தலை நிமிரவில்லை. கனிமொழியின் நோட்டை விரல் வைத்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான். முன்பக்கத்துக்கு ஒருமுறை திரும்பிப் போனான். பிறகு நிமிர்ந்தான். அவன் முகத்தில் தன் திருமணம் குறித்த கவலையைவிட வேறொரு கவலை தெரிந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? மொத வாரத்துக்கு அப்புறம் வூட்ல அம்மாவுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லாமப் போச்சுங்களா?"

சுப்புராயனுக்கு விளங்கவில்லை.

"இல்லீங்க, அதுக்கு முன்ன பக்கத்துக்குப் பக்கம் அவங்க இருந்தாங்க. கோழியத் திட்டுனாங்க, டிவி பாத்து அழுதாங்க. படிக்கவே நல்லா இருந்துச்சு. அப்புறம் அவங்களக் காணவே காணோம். அதான் கேட்டேன்."

 வாசலோரம் அமர்ந்திருந்த நீலாவதி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தார். கையில் ஒன்றும் இல்லை, இருந்தும் துடைத்தார்.

"நல்லாத்தான் இருந்தேன் தம்பி. அடுப்படியிலதான் இருந்தேன். அந்தப் பக்கம் யாரும் வரல."

கனிமொழி எழுந்தாள். தந்தையைப் போலவே அவளும் பேசுவதற்கு எழுந்து நிற்பவள் என்பது அன்றுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. 

"மொத வாரத்துக்கு அப்புறம் நான் எழுதுன எதுவும் பொய் இல்ல. ஆனா அதுல இருக்குறது நான் இல்ல. எழுதறதுக்காக அப்படி இருந்தேன். எனக்கு அம்மாகூட நின்னு சமைக்கப் புடிக்கும். அதுவும் தனியா இல்ல, கூட நின்னு." தந்தையைப் பார்த்தாள். "அவரு கோயிலுக்குப் போனத எழுதிட்டாருப்பா. நான் அடுப்படிக்குப் போனத எழுத முடியல. பயம் நம்ம வூட்லதான் இருந்திருக்குது."

சுப்புராயனின் முகம் வாடியது. அவள் இத்தனை நாளாக அஞ்சிய அந்த வாட்டம் அவள் கண்முன்னே நிகழ்ந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. மறுபடி உட்காரவும் இல்லை.

சுப்புராயன் நின்றுகொண்டே இருந்தார். ஆயிரம் பேர் கூடிய திடலில் கல் வந்து விழுந்தபோதும் பேச்சை நிறுத்தாதவர், தம் வீட்டுப் பெண்கள் இருவர் சொன்ன சிறு சொற்களைக் கேட்டுப் பெஞ்சில் அமர்ந்தார்.  அமர்ந்து பேசி அவரை யாரும் பார்த்ததில்லை.

"நீலாவதிய அந்த நோட்டுலேர்ந்து எடுத்தது நான்தான், தம்பி. பிழைன்னு நெனச்சு எடுத்துட்டேன்" என்றார்.

கோகுலகிருஷ்ணன் நோட்டை மூடி வைத்தான். கோயிலைப் பற்றி எழுதாமல் விட்டுவிடு என்று தன் தாயே சொன்னதாகவும், விட்டுவிட்டால் யாருக்குப் பெண் கொடுக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடுமே என்று எழுதியதாகவும் மெல்லச் சொன்னான். நாளைக்கும் அழைத்துப் போவேன் என்பதையும் சொன்னான். சுப்புராயன் தலையை அசைத்தார். ஒப்புக்கொண்ட அசைவா, கேட்டுக்கொண்ட அசைவா என்று யாராலும் கூற முடியவில்லை. ஆனால் பொருந்தவில்லை என்ற சொல்லை அவர் மறுபடி எடுக்கவில்லை. முடிவு உன்னுடையது என்று மகளிடம் சொன்னார். முதலிலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கனிமொழி கோகுலகிருஷ்ணனைப் பார்த்துச் சரி என்றாள். அவனும் சரி என்றான். ராஜாங்கம் இனி நோட்டுகளை எழுதியவர்கள் இருவர் மட்டுமே படிக்க வேண்டும், மூன்றாமவர் தொடக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சுப்புராயனே அதை வழிமொழிந்தார்.

இவ்வளவு நேரமும் பேச்சின் திசைக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பெரியம்மாளுக்குப் பொறுமை தீர்ந்தது. "படிச்சி முடிச்சாச்சா இல்லியா? எனக்கு அதெல்லாம் தெரியாது. பொண்ண இங்க வரச் சொல்லு" என்றார்.

கனிமொழி அருகில் சென்று அமர்ந்தாள். பெரியம்மாள் அவள் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். நகத்தருகே வந்ததும் நிறுத்தினார்.

"இதென்னா, காஞ்சி ஒட்டிக்கினு இருக்குது?"

"பெயிண்டு அத்த. பொம்மைக்குப் போடறது. கழுவ நேரமில்ல."

"என்னா கலரு?"

"நீலம்."

பெரியம்மாள் கையை விடாமல் சற்று யோசித்தார். "நல்ல கலருதான்" என்றார்.

மாலையில் அனைவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்து வந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சி டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கோகுலகிருஷ்ணன் இடம் பிடிக்க உள்ளே ஏற, சுப்புராயன் தாமே முன்வந்து பெரியம்மாளின் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டார். பெரியம்மாள் சன்னலோரம் அமர்ந்ததும், சுப்புராயன் நிற்கும் திசையைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டு வெளியே முகத்தை நீட்டினார்.

"சம்மந்தி, நாளைக்குக் கோயிலுக்குப் போறப்ப ஒங்க பேருக்கும் சேத்து வேண்டிக்கிறேன்."

நீலாவதி கணவரைப் பார்த்தார். கனிமொழியும் பார்த்தாள். இப்படிப்பட்ட ஒரு வாக்கியத்துக்குச் சுப்புராயனிடம் முப்பது ஆண்டுக் காலப் பதில்கள் அணிவகுத்து நின்றன. புள்ளிவிவரம் கொண்டவை, எள்ளல் கொண்டவை, கைதட்டல் வாங்கியவை. அவர் வாயைத் திறந்தார். பஸ் உறுமியது.

"அந்நேரத்துல தெரு இருட்டா இருக்கும். தம்பி கைய விடாமப் போங்க" என்றார்.

"அவன் வுட மாட்டான்" என்றார் பெரியம்மாள்.

தாயின் அருகே அமர்ந்திருந்த கோகுலகிருஷ்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். பஸ் நகர்ந்தது. நீல வண்ணம் காய்ந்திருந்த கையை உயர்த்தி, பஸ் தெருமுனை திரும்பும் வரை கனிமொழி ஆட்டிக்கொண்டிருந்தாள்.